எட்டு நாவல்பழம்

ஒன்பதேகாலுக்கு அடுத்த ரத்தம். அதுவரை இந்த பெஞ்சை விட்டு அசையக் கூடாது, வேறெதையும் வாயில் போடக் கூடாது என்று ரத்தம் எடுக்கிற பெண் ஆரிபா சொல்லிவிட்டாள். ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், ஏழேகாலுக்கு நாலு இட்லி, அதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தென்காசியில் இந்த லேபில் வந்து இப்படி உட்காருவது எனக்குப் பழகிப்போன விஷயம். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன், தூங்கி வழிவேன், பக்கத்தில் இருப்பவளிடம் உனக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவு என்று சர்க்கரைக் கதை பேசுவேன், நேரம் போய்விடும். இன்றைக்கு அப்படிப் போகாது. இடது முழங்கையைப் பஞ்சோடு மடக்கி வைத்திருக்கிறேன். வலது கையையும் இறுக்கி மூடியிருக்கிறேன். உள்ளே சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. இன்சுலின் பேனாவில் மாட்டுகிற ஊசியின் மூடி. இதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. மூன்று வருஷமாக நான் கும்பிடாத சாமி இல்லை, ஒரு சாமியும் திரும்பிப் பார்க்கவில்லை, கடைசியில் ஒரு லேப் கக்கூஸ் வாசலில் அது தானாக உருண்டு என் காலடிக்கு வந்திருக்கிறது.

அவர் வந்தபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலையில் துண்டைப் போட்டு முக்காடு மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு, ரத்தம் கொடுத்துவிட்டு, ஆரிபாவிடம் தணிந்த குரலில் எதிர்த்த ஓட்டல் திறந்தாச்சா என்று கேட்டார். குரல்தான் காட்டிக்கொடுத்தது. குற்றாலம். என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவர், என் கொழுந்தன். என்னைப் பார்த்ததும் துண்டு கீழே இறங்கியது, சிரிப்பு மேலே ஏறியது. என்ன மைனி, சொகமா இருக்கீயளா, சும்மா ஒரு செக்கப்புக்கு வந்தேன், நம்மளச் சோதிச்சிக்கிட்டாத்தான நாலு பேருக்குச் சொல்ல முடியும் என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மஞ்சள் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கக்கூஸுக்குப் போனார். வெளியே வரும்போது வேட்டி மடிப்பிலிருந்து இது விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? என் வீட்டுக்காரரின் கடைசி நாலு மாதம் காலையும் மாலையும் தொப்புளுக்கு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் குத்தியவள் நான்தானே. இந்த மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றியிருக்கிறேன், தலையணைக்கு அடியில் கிடந்ததைப் பெருக்கி அள்ளியிருக்கிறேன். செருப்புக் காலை மெல்ல நீட்டி இழுத்து, குனிந்து எடுத்து, கையை மூடிக்கொண்டேன். அப்போது மணி ஏழரை.

ஊசி போட்டால் கால் மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், அதற்காகத்தான் ஓட்டலை விசாரித்திருக்கிறார். வாசல் வரைக்கும் போனார். ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தால் தெருவில் இருந்திருப்பார், பொங்கலோ தோசையோ தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பார், நானும் மூடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் விழித்திருப்பேன். ஆனால் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் எதிரே வந்தார். ஐயோ, நீங்க நாவல் குற்றாலம் அண்ணாச்சிதான, வாட்ஸாப்புல ஒங்க வாய்ஸ் ஒன்னு விடாம கேப்பேன் அண்ணாச்சி என்று கையைப் பிடித்து உள்ளேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், ஆளுக்கு நெஞ்சு அரை அடி நிமிர்ந்தது. மஞ்சள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா வெளியே வந்தது. நாவல்பழம். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சேர்த்து ஆரம்பித்தார். கறுத்த பழம், செவத்த பழம், தொவர்க்கிற பழம், இதிலதான் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கு, அதான் கணையத்துக்கு மருந்து, நான் எட்டு வருசமா மாத்திரைய கையால தொட்டதில்ல. ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பதை அவர் தேவாரம் மாதிரி இழுத்துச் சொல்லுவார். என் டப்பாவில் இரண்டு இட்லி மிச்சம் இருந்தது. வேண்டுமென்றே திறந்து நீட்டினேன். சாப்பிடுங்க தம்பி, சூடாத்தான் இருக்கு. அவர் கண் ஒரு நொடி அந்த இட்லியின் மேல் உட்கார்ந்து எழுந்ததை நான் பார்த்தேன். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். நமக்கு எதுக்கு மைனி அரிசிச் சனியன், எட்டுப் பழம் போதும் என்றார். எண்ணி எண்ணி எட்டுத்தான் தின்றார். கொட்டைகளைக் காகிதத்தில் மடித்து, இதைக் காயவைத்து இடித்தால் பொடி என்று பாடம் நடத்தினார். நான் டப்பாவை மூடினேன்.

பச்சைச் சட்டைக்காரர், நான் போன வாரத்தோட எல்லா மாத்திரையும் நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி, ஒங்க பேச்சக் கேட்டுத்தான், இன்னைக்கு எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு பாத்திருவோம் என்றார். சபாஷ் என்றார் இவர். சபாஷ். அந்த வார்த்தையைத்தான் அன்றைக்கும் சொன்னார், ஆடி மாதம், சாரல் காற்று, எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு. என் வீட்டுக்காரர் வேலாயுதம் ஒன்பது வருஷம் தின்ற மாத்திரையைத் தம்பி சொன்னான் என்று ஒரே நாளில் நிறுத்தினார். அது கிட்னியத் தின்னுரும்ண்ணே, பழத்துக்கு வா, நம்ம பாட்டன் பூட்டன்லாம் மாத்திரையா தின்னான் என்று தம்பி சொன்னார், சபாஷ்ண்ணே என்று முதுகில் தட்டினார். நானும் நம்பினேனா? நம்பினேன். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. காலையில் நெல்லிக்காய்ச் சாறு, மத்தியானம் நாவல், சாயந்திரம் கொய்யாக்காய், என் கையாலேயே அரிந்து கொடுத்தேன். அட்டை அட்டையாக மாத்திரையை என் கையாலேயே குப்பையில் போட்டேன். பழத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்போதும் தினம் ஒரு நெல்லிக்காய் தின்கிறேன், மாத்திரையோடு சேர்த்து. பழம் பழத்தோட வேலையைச் செய்யும்மா, அதுபோய் மாத்திரை வேலையைச் செய்யாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் பின்னால் சொன்னார். பின்னால். கட்டைவிரலை எடுத்த பின்னால். அருவியில் குளிக்கப் போன இடத்தில் பாட்டில் சில்லு ஒன்று குத்தியது, அவ்வளவுதான், ஒரு சொட்டு ரத்தம், அவருக்கு வலிக்கக்கூட இல்லை. கட்டைவிரல், பிறகு பாதம், பிறகு முட்டிக்குக் கீழே. பதினோரு மாதத்தில் ஆளும் போனார். கறுத்துப்போன அந்த விரல் பார்க்க நாவல்பழம் மாதிரியே இருந்தது. அதன் பிறகு நான் அந்தப் பழத்தை வீட்டுக்குள் விட்டதில்லை.

ஆனால் அதற்காக நான் இவரை வெறுக்கவில்லை. பாவம், தம்பிக்கும் தெரியாது, நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார் என்று என்னை நானே தேற்றியிருந்தேன். பதினாறாம் நாள் வரைக்கும். விசேஷம் முடிந்து பந்தி எழுந்த பிறகு, சொந்தக்காரர் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார், அண்ணன் பழத்த ஒழுங்காத் தின்னிருந்தா இன்னைக்கு இருந்திருப்பான், மைனி ஒளிச்சு ஒளிச்சு இனிப்புக் குடுத்துட்டாவ. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் சொந்த அக்காவும் பார்த்தாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வாய் வரவில்லை. ஏனென்றால் ஒரு கரண்டி. என் வீட்டுக்காரருடைய அறுபதாவது பிறந்தநாளுக்குப் பாயசம் வைத்தேன், ஒரு கரண்டி ஊற்றினேன், உலகு, இன்னும் கொஞ்சம் என்று கேட்டார், தரவில்லை. ஒரே கரண்டி. ஒரு கரண்டிப் பாயசத்தில் ஒரு கால் போகுமா? போகாது. டாக்டரிடமே கேட்டேன், சிரித்தார். ஆனாலும் அந்தக் கரண்டி, நீளக் காம்பு, நுனியில் ஒரு நெளிவு, அது மூன்று வருஷமாக என் தொண்டையில் குறுக்கே நிற்கிறது. அந்த ஊமைத்தனத்தை வைத்துக்கொண்டு இவர் ஊரெல்லாம் கதை சொன்னார். வாட்ஸாப்பில் பேசிப் பேசி அனுப்பினார். எங்க அண்ணனே இதுக்கு உதாரணம், வீட்டுல பொம்பள சரியில்லன்னா எந்த மருந்தும் வேலை செய்யாது. காய்கறிக் கடையில் என்னிடமே ஒருத்தி போனை நீட்டி, கேட்டுப் பாருங்க அக்கா, எவ்வளவு நல்லாச் சொல்லுதாரு என்றாள். கேட்டேன். முழுசும் கேட்டேன். கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எட்டு வருஷமாக மாத்திரையைக் கையால் தொட்டதில்லையாம். உண்மைதான், ஊசியைத் தொட்டிருக்கிறார். அப்படியென்றால் என் வீட்டு அடுக்களையில் நின்று சபாஷ் சொன்னபோதும் இந்தப் பேனா எங்கோ இருந்திருக்கிறது, இவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால். அண்ணனுக்குப் பழம், தனக்கு ஊசி. இதை நினைக்க நினைக்க மூடியின் விளிம்பு உள்ளங்கையில் வெட்டுகிறது, வெட்டட்டும். என்ன செய்யலாம்? இப்போதே எழுந்து எல்லோர் முன்னாலும் காட்டலாம். இது என்னதுன்னே தெரியல என்று சிரித்துத் தள்ளிவிடுவார், லேபில் ஆயிரம் மூடி கிடக்கும். படம் எடுத்துப் போடலாமா? யார் நம்புவார்கள், ஒளித்து ஒளித்து இனிப்புக் கொடுத்தவள் பேச்சை. மஞ்சள் பையைப் பிடுங்கிக் கவிழ்க்கலாம். கவிழ்த்தால் பேனா விழும், மானம் விழும். ஆனால் என் கால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, பதினாறாம் நாள் வாய் வராத மாதிரியே. எட்டு இருபது. எட்டரை. அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். மாதுளந்தோலைக்கூட வீணாக்கக் கூடாதாம். பேசு, பேசு. உள்ளே போன மருந்து சும்மா இருக்காது, அது சோற்றைத் தேடும், எட்டு நாவல்பழத்தை எத்தனை நேரம் மென்றுகொண்டிருக்கும்? இதை நான் எட்டரைக்கு நினைத்தேனா, அல்லது இட்லி டப்பாவை மூடும்போதே நினைத்தேனா? அந்தக் கேள்வியை இப்போது எடுக்க வேண்டாம்.

எட்டே முக்காலுக்குப் பேச்சில் ஒரு தடுமாற்றம் வந்தது. கொய்யா என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாவல் என்றார், திருத்திக்கொண்டார், மறுபடியும் நாவல் என்றார். மேலுதட்டில் வேர்வை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு நெற்றியிலிருந்து சொட்டுகிறது. கொட்டாவி, அடுத்தடுத்து மூன்று. விரல்கள் டப்பா மூடியின் மேல் தாளம் போட்டன, தாளம் இல்லை, நடுக்கம். எனக்கு இது ஒவ்வொன்றும் தெரியும். என் வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை வந்தது, மத்தியானச் சாப்பாடு தாமதமான நாளில். முதலில் வேர்வை, பிறகு வாய் குழறும், பிறகு எதற்கென்று தெரியாத கோபம், பிறகு கண் சொருகும். இரண்டு தடவையும் நான் சர்க்கரை டப்பாவோடு ஓடினேன். இன்றைக்கு நான் ஓடவில்லை. முழங்காலின் மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், பார்க்க அழகாக இருந்தது. பச்சைச் சட்டைக்காரர், என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி ஆயிட்டீய, கேஸாத்தான் இருக்கும் என்று நெஞ்சைத் தடவினார். யாரோ தினத்தாளால் விசிறினார்கள். கைய எடும்வே என்று இவர் அவர்மேல் எரிந்து விழுந்தார். கோபமும் வந்தாயிற்று.

ஆரிபா உள்ளே ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள். ஐயா, சுகருக்கு மாத்திரை, ஊசி எதாவது போட்டீங்களா என்று கேட்டாள். சரியான கேள்வி. கெட்டிக்காரப் பெண். அவர் கண்கள் பெஞ்சைச் சுற்றிவந்தன, பச்சைச் சட்டை, தினத்தாளால் விசிறியவர், ஓரத்தில் இருந்த ஒரு அம்மாள், நான். தலை இடமும் வலமும் ஆடியது. இல்லம்மா, பழந்தான், பழம் மட்டுந்தான். செத்தாலும் பரவாயில்லை என்கிற பொய். அப்படின்னா ஹார்ட்டா இருக்குமோ, பிரஷர் மெஷின எடுத்துட்டு வாரேன் என்று அவள் உள்ளே திரும்பினாள். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. சும்மா இருந்தால் போதும். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், ஒருத்தரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஒன்பது, பத்து. சர்க்கரை கொடுத்துக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கியவள் சர்க்கரை கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன், அவர் சொன்ன மாதிரியே, ஒழுங்காக. பதினேழு. பச்சைச் சட்டைக்காரர் டப்பாவைத் திறந்து, அண்ணாச்சி, ஒரு பழம் வாயில போடுங்க, சரியாயிரும் என்று நாவல்பழத்தை உதட்டில் வைத்து அழுத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடிவயிற்றிலிருந்து வந்தது. இருபத்தைந்து. கண் மேலே போகிறது. போ. என் வீட்டுக்காரர் கால் போன மாதிரி மெல்ல மெல்லப் போ. முப்பது. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இவர் இப்படியே போனால் என்ன சொல்லுவார்கள்? நல்ல மனுசன், எட்டு வருசம் மாத்திரையே தொடல, மாரடைப்புல பொட்டுன்னு போயிட்டாரு, கடைசி வரைக்கும் வாயில பழம் இருந்தது. மாலை போட்ட படம் எல்லோர் போனிலும் வரும். பேசிய பேச்சு அத்தனையும் சாமி வாக்கு ஆகிவிடும். பச்சைச் சட்டைக்காரர் அதைக் கேட்டுக் கேட்டே காலை அழுகவிடுவார். நான் சாகும் வரைக்கும் ஒளித்துக் கொடுத்தவளாகவே இருப்பேன். செத்துப்போனால் இவர் ஜெயித்துவிடுவார். விட மாட்டேன். முப்பத்தெட்டு. உன்னைச் சாகவிட மாட்டேன்டா.

எழுந்தேன். இந்தத் தடவை கால் எழுந்தது, வாயும் வந்தது. மெஷினும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம், இவரு இன்சுலின் போட்டுக்கிட்டுச் சோறு திங்கல என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். கையை விரித்துக் காட்டினேன். மூடி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது, சுற்றிலும் சிவப்பாக ஒரு வட்டம். பேனா அந்த மஞ்சப் பையில இருக்கு, பாருங்க. பச்சைச் சட்டைக்காரர்தான் பையைத் துழாவினார். நீலப் பேனா. அதை அவர் பிடித்திருந்த விதம், தன் சொந்த வீட்டில் பாம்புச் சட்டையை எடுத்தவர் மாதிரி இருந்தது. ஆரிபா விரலில் குத்திப் பார்த்து, சுகர் நாற்பத்தொன்னுதான் இருக்கு, எழுபதுக்குக் கீழ போகக் கூடாது என்றாள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற குளுக்கோஸ் பாக்கெட் உள்ளே இருந்தது, தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன். அவர் பிடரியைப் பிடித்து நிமிர்த்தி, முழுங்கு என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீங்க என்று கூப்பிட்ட ஆளை இன்றைக்குத்தான் நீ என்றேன். ஒரு கரண்டி. முழுங்கு. இன்னொரு கரண்டி. ஒளித்து இல்லை, பட்டப்பகலில், ஆறு பேர் பார்க்க, கரண்டி கரண்டியாக இனிப்பு. என் தொண்டையில் நின்றது ஒவ்வொரு கரண்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பத்து நிமிஷத்தில் கண் நிலைக்கு வந்தது. கால் மணி நேரத்தில் மிச்சமிருந்த என் இரண்டு இட்லியையும் தின்றார், சட்னி கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

பச்சைச் சட்டைக்காரர் பேனாவை அவர் மடியில் வைத்தார். எத்தன வருசமா அண்ணாச்சி என்று கேட்டார். இவர் துண்டை இழுத்து அதை மூடினார். ஆரிபாவிடம், தாயி, நான் திரும்ப மாத்திர போடணும், எந்த டாக்டரப் பாக்க என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே போனார். தினத்தாள்காரர் போனை எடுத்து யாரிடமோ, ஆமா, அவரேதான், ஊசி போடுதாராம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு விடிவதற்குள் கீழப்பாவூர் வரைக்கும் போய்விடும், நாற்பது பேர் வீட்டுக்கும் போய்விடும், என் அக்கா வீட்டுக்கும் போகும். நான் கரண்டியைத் துடைத்தேன். இட்லி டப்பாவைத் துடைத்தேன். நெஞ்சு லேசாக இருந்தது, ஆனால் நான் நினைத்த அளவுக்கு இல்லை. மைனி என்றார் மெதுவாக. நீங்க இல்லன்னா நான் செத்திருப்பேன் என்றார். கண்ணில் தண்ணீர். நிஜமான தண்ணீர்தான். பதினாறாம் நாளுக்காக ஏதாவது சொல்லப்போகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன், சொன்னால் என்ன செய்வது என்று பயந்தேன்கூட. அவர் அதைச் சொல்லவில்லை. நான் ஊசி போட்டேன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும் மைனி என்று கேட்டார்.

மூடியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். நீ கக்கூஸ விட்டு வெளிய வந்தப்பவே தெரியும் என்றேன்.

அவர் மூடியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். காலியான இட்லி டப்பாவைப் பார்த்தார். ஏழரையிலிருந்து எட்டே முக்கால் வரைக்கும் அவர் மனது நடந்து போவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் காலை எடுக்கத் தள்ளுவண்டியில் போகும்போது பார்த்த மாதிரியே பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

உலகம்மாள், ஒன்பதேகால் ஆயிருச்சு, வாங்க என்று ஆரிபா கூப்பிட்டாள். நான் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன்.